முதலுக்கே மோசம் வரும் சீட்டை எடுக்கலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஈரோட்டில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறீர்கள்; ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நடத்தும் விளையாட்டு அது. ஒன்றரை ஆண்டாக நடக்கும் கதையில், பாழடைந்த கோட்டையின் நிலவறையில் உங்களுக்கு ஒரு சீட்டுக்கட்டு கிடைத்திருக்கிறது. விதிநூலில் 'டெக் ஆஃப் மெனி திங்ஸ்' என்று பெயர் பெற்ற அதே கட்டு; எடுக்கும் சீட்டுக்கேற்பப் பரிசோ தண்டனையோ உடனே பலிக்கும் மாயக் கட்டு. சி.ஏ. படிக்கும் உங்கள் நண்பர், "இருபத்திரண்டு சீட்டில் இரண்டுதான் ஆளை இல்லாமல் ஆக்கும், மற்றதைக் கூட்டிக் கழித்தால் லாபம்தான், எடுக்காதவனுக்குக் கணக்குத் தெரியவில்லை" என்கிறார். நீங்கள் மறுக்கிறீர்கள்; ஏன் மறுக்கிறீர்கள் என்று உங்களுக்கே சொல்லத் தெரியவில்லை. இது முதல் கேள்வி. அமாவாசைதோறும் ஓர் ஆட்டைப் பலி கொடுக்காவிட்டால் மண்ணுக்கடியில் முத்திரையிட்டு அடைத்து வைத்திருக்கும் ஒன்று எழுந்து உலகையே விழுங்கும் என்று அதே கதையில் ஒரு கிழவர் சொல்கிறாராம். அதை நம்பிச் செலவு செய்வது அறிவுடைமைதானா என்பது இரண்டாவது.

நான் பொள்ளாச்சியில் தேங்காய் நார்த் தொழிலுக்குக் கணக்கு எழுதுகிறவன். பதினான்கு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவன். ஆகவே உங்கள் நண்பரின் பக்கமும் உங்கள் பக்கமும் எனக்கு ஓரளவு பழக்கம். நீங்கள் மறுத்தது சரி என்பது என் முடிவு, ஆனால் நண்பர் தவறு செய்த இடம் நீங்கள் நினைக்கிற இடம் அல்ல.

கட்டிலிருந்தே தொடங்குவோம். விளையாட்டு 1974இல் வெளிவந்தது. மறு ஆண்டே வந்த கிரேஹாக் என்னும் துணைநூலில் இந்தக் கட்டு இடம்பெற்றது. அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ தொடர்கதை ஆட்டங்களைக் குலைத்த பொருள் இது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, எத்தனை சீட்டு எடுக்கப்போகிறோம் என்பதை எடுப்பதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டுத் தயங்கி உட்கார்ந்தால், ஒரு மணி நேரத்தில் மீதிச் சீட்டுகள் தாமாகவே பறந்து வெளியே வந்து ஒருசேரப் பலித்துவிடும். உங்கள் நண்பர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு: அதே நூலின்படி இந்தக் கட்டுகளில் நான்கில் மூன்று, இருபத்திரண்டு சீட்டு கொண்டவை அல்ல, பதின்மூன்று சீட்டு கொண்டவை. எனவே கணக்குப் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, கட்டை முகம் பார்க்காமல் எண்ணுவதுதான்.

இருபத்திரண்டு என்றே கொள்வோம். நண்பர் சொல்லும் அந்த இரண்டு, வாய்ட் எனப்படும் வெறுமைச் சீட்டும் டொன்ஜன் எனப்படும் சிறைச் சீட்டும். முதலாவது, எடுத்தவனுடைய உயிரை உடலிலிருந்து பிரித்து, எங்கோ காவலில் இருக்கும் ஏதோ ஒரு பொருளுக்குள் அடைத்துவிடும். உடல் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். இரண்டாவது, ஆளையே வேறொரு வெளியில் உறக்கநிலையில் புதைத்துவிடும். குறி பார்க்கும் எந்த மந்திரத்துக்கும் அவன் அகப்பட மாட்டான். 'விஷ்' என்னும் உச்ச மந்திரம்கூட இவ்விருவரையும் மீட்டுத் தராது, இருக்கும் இடத்தை மட்டுமே காட்டும். ஆக இரண்டும் ஆளைக் கொல்லவில்லை. ஆளை எடுத்துக்கொண்டு போய், தேடும் வேலையை மற்ற நால்வரின் தலையில் கட்டுகின்றன. மண்டையோட்டுச் சீட்டையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்: அது வரவழைக்கும் சாவின் உருவத்தோடு தனியே போரிட்டுத் தோற்றவனை எந்த மந்திரத்தாலும் உயிர்ப்பிக்க இயலாது.

அந்த மூன்றாவதை விட்டுவிட்டாலும், இருபத்திரண்டில் இரண்டு என்பது நூற்றுக்கு ஒன்பது. இதை 'அரிது' என்று சொல்வதே எனக்கு வியப்பாக இருக்கிறது. எடுத்த சீட்டு மீண்டும் கட்டுக்குள் போய்விடுவதால், மூன்று சீட்டு எடுப்பதாக அறிவித்தவன் தொலைந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. நூற்றுக்கு ஒன்பது பேர் திரும்பாத பேருந்தில் உங்கள் நண்பர் பெருந்துறைக்குக்கூடப் போக மாட்டார். இருபது முகப் பகடையைக் கையில் வைத்து ஆடுகிறவர்களுக்கு ஒன்று விழுவது, அதாவது நூற்றுக்கு ஐந்து, அன்றாட நிகழ்ச்சியாகப் பழகிவிடுவதால், அந்த அளவையே சின்ன அளவு என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது.

இருந்தாலும் எண் பெரிதா சிறிதா என்பதல்ல முக்கியம். கூட்டிக் கழித்து எடுக்கும் சராசரி யாருக்குச் சொந்தம் என்பதுதான் முக்கியம்.

ஒரு சத்திரத்தில் குள்ளன் ஒருவன் பந்தயம் கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஆறு முறை நீங்கள் வெல்வீர்கள், வென்றால் வைத்தது இரட்டிப்பாகும், தோற்றால் வைத்தது போகும். ஒவ்வொரு முறையும் கையிலுள்ள அனைத்தையும் வைத்துப் பத்து முறை ஆடினால், சராசரிக் கணக்கின்படி உங்கள் பணம் ஆறு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் பெருக வேண்டும். நண்பரின் கணக்கு இங்கேயே நின்றுவிடும். ஆனால் அப்படி ஆடிய ஆயிரம் பேரில் பத்து முறையும் வென்று எழுகிறவர்கள் ஆறு பேர். மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு பேர் வெறுங்கையோடு சத்திரத்தை விட்டுப் போகிறார்கள். சராசரி பொய்யில்லை. அது அந்த ஆறு பேரின் பையில் இருக்கிறது. ஆயிரம் பேராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடிந்தவனுக்கே அது லாபம். நீங்களோ ஒரே ஆள். கணித அறிஞர் டேனியல் பெர்னூலி 1738இலேயே, பணத்தின் மதிப்பு அதை வைத்திருப்பவனுடைய கையிருப்பைப் பொறுத்தது என்று இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பார்த்தார். பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஜான் கெல்லி 1956இல் வெளியிட்ட கணக்கு இன்னும் நேரானது: மேற்சொன்ன பந்தயத்தில் ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஐந்தில் ஒரு பங்கை வைப்பவனே நீண்ட ஆட்டத்தில் மற்றெல்லோரையும்விட வேகமாக வளர்வான். முழுவதையும் வைக்கச் சொல்லும் விடை, வெற்றி உறுதியாக இல்லாத எந்தப் பந்தயத்துக்கும் அந்தக் கணக்கில் வராது.

நம் பக்கத்தில் இதை விளக்கப் பகடை தேவையில்லை. காங்கேயத்துக்குத் தெற்கே என் பெரியப்பாவின் தோட்டத்தில் போர்வெல் ஓட்டியதைப் பள்ளி நாட்களில் இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்த்திருக்கிறேன். எண்ணூறு அடி தாண்டியும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது. பக்கத்துத் தென்னை மட்டையெல்லாம் மாவு பூசியதுபோல நின்றது. ஆழம் ஏற ஏற அடிக்கான ரேட்டும் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். "இன்னொரு நூறு அடி போட்டுப் பாத்துரலாமுங்க" என்று லாரிக்காரர் சொல்ல, பெரியப்பா தலையாட்டினார். ஆயிரத்து நூறு வரை போயும் ஈரம்கூடத் தட்டவில்லை. அவருக்கு ஏற்கெனவே இரண்டு கிணறும் பன்னிரண்டு ஏக்கரும் இருந்தன. ஒரு வருடத் தேங்காய்ப் பணம் போயிற்று, அடுத்த வருடம் வேறு பாயிண்ட் பார்த்து மீண்டும் ஓட்டினார், தண்ணீர் வந்தது. அதே ஊரில் இரண்டு ஏக்கர்க்காரர் ஒருவர் நகையை அடகு வைத்து ஓட்டினார். பாறை ஒன்றுதான், லாரியும் ஒன்றுதான், தண்ணீர் வரும் வாய்ப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அவரால் இரண்டாவது போர் ஓட்ட முடியவில்லை; இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறார்.

விளையாட்டுக்குத் திரும்பினால், இதே வேறுபாட்டை விதிநூலே விலை போட்டு எழுதி வைத்திருப்பதைக் காணலாம். இறந்து பத்து நாளுக்குள் உயிர்ப்பிக்க ஐந்நூறு பொன் மதிப்புள்ள வைரம் வேண்டும். இருநூறு ஆண்டு கழித்தும் உயிர்ப்பிக்கும் மந்திரத்துக்கு இருபத்தைந்தாயிரம் பொன்னுக்கு வைரம் வேண்டும். பத்தாம் லெவலில், கையில் பத்தாயிரம் பொன்னும் பக்கத்தில் ஒரு பூசாரியும் இருக்கும் பார்ட்டிக்கு, அதாவது சேர்ந்து ஆடும் குழுவுக்கு, சாவு என்பது ஒரு செலவுக் கணக்கு. முதல் லெவலில், இடுப்பில் பதினைந்து பொன்னோடு கிளம்பியவனுக்கு அதே சாவு முடிவு. 'எவ்வளவு அரிதான ஆபத்து வரை ஏற்கலாம்' என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். அடி விழுந்த பிறகு அடுத்த ஞாயிறு ஆடுவதற்கு உங்களிடம் என்ன மிச்சமிருக்கும் என்பதைச் சொன்னால்தான் விடை சொல்ல முடியும்.

மிக அரிய, ஆனால் எல்லோரையும் முடித்துவிடும் ஆபத்துக்கு இந்தக் கட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று அதே 2014 பதிப்பின் விதிகளில் இருக்கிறது. அதை நான் என் டேபிளில் நேரே பார்த்தேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 'வைல்டு மேஜிக்' வகை மந்திரவாதி மந்திரம் போடும்போதெல்லாம், டன்ஜன் மாஸ்டர் விரும்பினால் இருபது முகப் பகடையை உருட்டச் சொல்லலாம். ஒன்று விழுந்தால், நூறு வரை எண்ணிட்ட ஓர் அட்டவணையில் மறுபடி உருட்ட வேண்டும். அதில் ஏழோ எட்டோ விழுந்தால் மந்திரவாதி நிற்கும் இடத்திலேயே நெருப்புக் கோளம் வெடிக்கும். ஆக ஒரு மந்திரத்துக்கு ஆயிரத்தில் ஒன்று. எட்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அதன் சேதம், சராசரி இருபத்தெட்டு. முதல் லெவலில் பெரும்பாலானவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு உயிர்ப்புள்ளிதான் இருக்கும். அதாவது, ஒரே வெடிப்பில் பார்ட்டி முழுவதும் முடிந்துவிடலாம்.

எங்கள் டேபிளில் அப்படி ஒரு மந்திரவாதி இருந்தான். ஆயிரத்தில் ஒன்று என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். கல்லூரியில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவன் மட்டும் நோட்டை எடுத்தான். வாரத்துக்கு நான்கு மந்திரம் வீதம் ஐம்பது வாரத்துக்கு இருநூறு. ஒரு முறையேனும் வெடிக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு. இதைக் கேட்டதும் மந்திரவாதியைக் கதையிலிருந்தே நீக்கிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் தம்பி அதற்கடுத்துச் செய்தது. ஐம்பது வாரமும் நாம் முதல் லெவலிலேயே இருக்கப் போவதில்லை என்றான். ஐந்தாம் லெவலைத் தாண்டினால் இருபத்தெட்டுப் புள்ளிச் சேதம் வலிக்கும், ஆனால் கொல்லாது. ஆகவே உண்மையில் ஆபத்தான காலம் முதல் பத்து வாரம், அதில் நாற்பது மந்திரம், வாய்ப்பு நூற்றுக்கு நான்கு. அந்த நான்கையும் குறைக்க ஒரு வழி சொன்னான்: கோளத்தின் ஆரம் இருபதடி, மந்திரவாதியைச் சுற்றி இருபதடிக்குள் யாரும் நிற்காமல் இருந்தால், வெடித்தாலும் ஒருவனோடு போகும். அதன் பிறகு பத்து வாரம், அந்த மந்திரவாதி வாய் திறந்தாலே மற்றவர்கள் பொம்மைகளை நான்கு கட்டத்துக்கு அப்பால் தள்ளி வைத்தார்கள். ஒரு முறையும் வெடிக்கவில்லை. வெடிக்காததை வைத்து அந்த ஏற்பாடு வீண் என்று சொன்னவர்களும் உண்டு.

அந்தத் தம்பி செய்ததில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். 'இந்த ஒரு தடவை' என்று பார்க்காமல், இதையே வழக்கமாக வைத்துக்கொண்டால் மொத்தம் எத்தனை தடவை வரும் என்று பார்த்தது ஒன்று. பேரழிவு எந்தக் காலம் வரை பேரழிவு, எப்போது வெறும் சேதமாகச் சுருங்குகிறது என்று பிரித்தது இன்னொன்று. வாய்ப்பைக் குறைக்க இயலாதபோது வீச்சைக் குறைத்தது மூன்றாவது. என் மதிப்பில் இதுதான் பெரிது. பகடையோடு பேரம் பேச முடியாது, ஆனால் அது விழும்போது யார் எங்கே நிற்பது என்பது நம் கையில் இருக்கிறது. தாயம் ஆடும்போது என் அம்மாயி இதையே வேறு விதமாகச் சொல்லுவார்: "ஒத்தக் காய வெச்சுட்டு ஓடாத கண்ணு, மத்ததும் எறங்கட்டும்." நான்கு காய் வெளியில் இருக்கும்போது ஒன்று வெட்டுப்பட்டால் ஆட்டம் நடக்கும், ஒற்றைக் காய் வெட்டுப்பட்டால், மறுபடி தாயம் விழும்வரை கையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டியதுதான்.

சீட்டுக்கட்டுக்கு இந்த மூன்றையும் பொருத்திப் பாருங்கள். லெவல் ஏறினாலும் வாய்ட் சீட்டின் அடி சுருங்குவதில்லை. வைரம் கொடுத்து மீட்கவும் முடியாது. வீச்சைக் குறைக்கலாமா என்றால், அது ஏற்கெனவே ஒருவனை மட்டும்தான் தாக்குகிறது என்று நண்பர் சொல்லக்கூடும். இங்கேதான் எனக்கு அவரோடு உண்மையான சண்டை. பரிசு விழுந்தால் ஐம்பதாயிரம் அனுபவப் புள்ளி எடுத்தவனுக்கு. தண்டனை விழுந்தால் அவனைத் தேடும் மூன்று மாத ஞாயிறுகள் மற்ற நால்வருக்கு. எங்கள் டேபிளில் வாய்ட் எடுத்தவர் மூன்று வாரம் வந்து உட்கார்ந்தார். பேச அவருக்குப் பாத்திரம் இல்லை. டீ வைத்துக் கொடுத்தார், பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவினார், நான்காம் வாரம் ஊரில் விசேஷம் என்றார், பிறகு வரவே இல்லை. விளையாட்டு உலகில் அவர் உயிர் ஒரு பளிங்குக் குடுவைக்குள் பத்திரமாக இருந்தது. போனது டேபிளிலிருந்த ஆள். இந்த இழப்பு விதிநூலில் இல்லை, நண்பரின் கணக்கிலும் இல்லை.

இனி, அமாவாசை ஆடு.

இந்தக் கேள்வி தத்துவத்தில் பழையது. 1670இல் அச்சான, பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் குறிப்புகளில் வரும் பந்தயம் இதற்கு மூத்தது: கடவுள் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு சிறிதாயினும், பரிசு முடிவில்லாதது என்பதால் நம்புவதே லாபம். 2007இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் எலியேசர் யுட்கோவ்ஸ்கி இதைக் கொள்ளைக்காரன் வடிவத்தில் திருப்பிப் போட்டார். தத்துவ அறிஞர் நிக் போஸ்ட்ரம் 2009இல் அதைக் கட்டுரையாக எழுதினார். ஒருவன் ஆயுதம்கூட இல்லாமல் வழிமறித்து, "பணத்தைக் கொடு, இல்லையேல் என் மாய ஆற்றலால் கோடானுகோடி உயிர்களை வதைப்பேன்" என்கிறான். அவன் சொல்வது உண்மையாக இருக்க எவ்வளவு சிறிய வாய்ப்பை நீங்கள் வைத்தாலும், அவன் கோடியைக் கோடிகோடி ஆக்கிக் கணக்கைத் தன் பக்கம் சாய்த்துவிடுவான். நிஜ உலகில் 'மாயமாவது மந்திரமாவது' என்று நடையைக் கட்டலாம். உங்கள் விளையாட்டு உலகில் மாயம் உண்மை. சென்ற வாரம்தான் ஒரு டிராகனோடு பேசினீர்கள். ஆகவே கிழவர் சொல்வதை 'நடக்காது' என்று தள்ளும் வழி உங்களுக்கு அடைபட்டிருக்கிறது. கற்பனை விளையாட்டில் இந்தச் சிக்கல் நிஜத்தைவிடக் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

நான் பிடித்துக்கொள்ளும் பிடி இது. அழிவின் அளவைச் சொல்லாலேயே எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஊர் அழியும் என்பதை உலகம் அழியும் என்று மாற்ற ஒரு சொல் போதும். சான்று அப்படி ஏறாது. சொல்லப்படும் அழிவு பெரிதாகப் பெரிதாகச் சான்றும் அதற்கேற்ப வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; வளராமல் சொல் மட்டும் வளர்ந்திருந்தால், அந்த வளர்ச்சிக்கு எடை கொடுக்காதீர்கள். மேலும், ஆட்டைப் பலி கொடுத்தால்தான் அது எழும், அந்த இரத்தம்தான் அதற்கு உணவு என்று நாளை இன்னொரு கிழவி வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? சான்றே இல்லாத இரண்டு அச்சுறுத்தல்கள் எதிரெதிர்த் திசையில் ஒரே எடையோடு நிற்கும்போது, முதலில் வந்தவருக்குக் காசு கொடுப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை. கொடுத்துப் பழகிய பார்ட்டியைத் தேடி அடுத்த ஊரிலும் ஒரு கிழவர் உட்கார்ந்திருப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்காக, உலக அழிவு என்று யார் சொன்னாலும் சிரித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 1942இல், அணுகுண்டு வெடித்தால் காற்று மண்டலமே தீப்பற்றுமோ என்ற ஐயத்தை இயற்பியலாளர் எட்வர்டு டெல்லர் எழுப்பினார். அதைக் கேட்டவர்கள் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. ஹான்ஸ் பெத்தே உள்ளிட்டோர் உட்கார்ந்து, வினை தானாகப் பரவத் தேவையான வெப்பம் உண்டாகுமா, உண்டானாலும் நிற்குமா என்று கணக்கிட்டார்கள். நிற்காது என்று தெரிந்த பிறகே, முதல் அணுகுண்டைச் சோதித்த 1945 ஜூலை 16 வந்தது. டெல்லரின் ஐயத்துக்கும் உங்கள் கிழவரின் எச்சரிக்கைக்கும் வேறுபாடு, முன்னதில் எப்படி என்று கேட்க முடிந்தது. உங்கள் கிழவரிடமும் கேளுங்கள். ஆடு தவறிய அமாவாசை எப்போதேனும் உண்டா, அன்று என்ன நடந்தது, முத்திரையை இட்டது யார், ஏன் ஆடு, ஏன் மாடு இல்லை? விடைகள் ஒன்றோடொன்று பொருந்தினால் ஆட்டின் விலை மலிவு. "பெரியவங்க சொன்னாங்க, அவ்வளவுதான் சாமி" என்று முடிந்தால், ஓர் அமாவாசைக்கு ஆட்டைக் கட்டி வைத்துக் கத்தியோடு பக்கத்தில் காத்திருந்து, மண் அசைகிறதா என்று பார்க்கலாம். மண் அசைந்தால் அந்தக் கணமே வெட்டிக்கொள்ளலாம் என்பதால், இந்தச் சோதனையில் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை; பிந்திய பலி ஏற்கப்படாது என்றிருந்தால் மட்டுமே தவறும், அதையும் கிழவரிடம் முன்பே கேட்டுவிடலாம்.

தகவலுக்குச் செலவு செய்வதில் நம்மவர்கள் காட்டும் கஞ்சத்தனம் எனக்குப் புரிந்ததில்லை. மந்திரவாளுக்கு ஆயிரம் பொன் கொடுப்பவன், பொருளின் இயல்பைச் சொல்லும் 'ஐடென்டிஃபை' மந்திரத்துக்கு வேண்டிய நூறு பொன் முத்தை வாங்க மாட்டான். அந்த முத்துச் செலவாகாமல் கையிலேயே இருக்கும் என்றாலும் வாங்க மாட்டான். அடுத்த அரை மணி நேரத்தில் செய்யப்போகும் செயல் நன்மையா தீமையா என்று கேட்கும் 'ஆகரி' என்றொரு மந்திரமும் உண்டு. 2014 பதிப்பில் அதற்கு ஒரு நுட்பமான விதி இருக்கிறது. ஓய்வெடுக்காமல் மறுபடி மறுபடி கேட்டால், ஒவ்வொரு கூடுதல் முறைக்கும் விடை குருட்டாம்போக்கில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் ஏறிக்கொண்டே போகும். குலதெய்வக் கோயிலில் பூ வாக்குக் கேட்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டுக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் "கொழந்தை சரியா எடுக்கல" என்று மறுபடி போடுவார்கள். வெள்ளை வரும்வரை போடுவார்கள். அந்த மந்திரத்துக்கு விதி எழுதியவர் நம் ஊர்க் கோயில் எதையும் பார்த்திருக்க மாட்டார், ஆனாலும் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்.

டன்ஜன் மாஸ்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகடையின் நிகழ்தகவு இயற்கையானது. கதையின் நிகழ்தகவு அப்படியல்ல. கோட்டையில் ஆயிரம் கற்கள் இருக்க, 'இந்தக் கல்லில் மட்டும் கீறல் தெரிகிறது' என்று அவர் வாய்விட்டுச் சொன்னாலே, அந்தக் கல் வெறும் கல்லாக இருக்கும் வாய்ப்பு சரிந்துவிடுகிறது. கிழவர் உங்கள் கதைக்குள் பேச வந்ததும் அப்படித்தான். அவர் சொல்வது முழு உண்மையாக இல்லாவிட்டாலும், அந்த மண்ணுக்கடியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975இல் ஒரு போட்டிக்காக எழுதி, 1978இல் அச்சான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' நிலவறையில், பச்சை நிறப் பேய்முகம் ஒன்று வாயைப் பிளந்து நிற்கும். அந்த வாய்க்குள் நுழைந்தது எதுவாயினும் இல்லாமல் போகும். குதித்துப் பார்த்த பார்ட்டிகள் முடிந்தன. முதலில் ஒரு கோலை உள்ளே நீட்டிப் பார்த்தவர்கள் அரைக் கோலோடு திரும்பினார்கள். என் டேபிளில் நான் வைத்திருக்கும் வழக்கம், மீட்க முடியாத இழப்பு வரக்கூடிய இடத்தில் பகடை உருளுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது. இரண்டு ஆண்டுக் கதையை முன்னறிவிப்பில்லாத ஒற்றைப் பகடைக்குக் கொடுக்கும் உரிமை டன்ஜன் மாஸ்டருக்கு இல்லை என்பது என் கருத்து. பழைய பாணியில் ஆடும் நண்பர்கள் இதை ஏற்க மாட்டார்கள்.

எச்சரிக்கை மிகையாகும் கதையையும் மறைக்கக் கூடாது. மேற்சொன்ன தம்பியின் புகழ் பரவிய பிறகு, எங்கள் பார்ட்டி ஒரு முறை ஒரு மரக்கதவுக்கு முன் மூன்று மணி நேரம் நின்றது. தட்டிப் பார்த்தார்கள், கீழே மாவு தூவிப் பார்த்தார்கள், கோழியை அனுப்பிப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் நான் வைத்திருந்தது துடைப்பமும் இரண்டு வாளியும். வாழ்நாளில் இத்தனை ஞாயிறுதான் என்றிருக்கும்போது, மாலை மூன்று மணி நேரமும் முதல்தான். அன்றுமுதல், கதவுக்குப் பின்னால் வரக்கூடிய மிகமோசமான ஒன்று எங்களால் மீட்கக்கூடியதா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். மீட்கலாம் என்றால் உதைத்துத் திறப்போம்.

உங்கள் நண்பர் இவ்வளவுக்குப் பிறகும் சீட்டை எடுத்தே தீருவேன் என்றால், தடுக்க வேண்டாம். மூன்றல்ல, ஒன்று என்று அறிவிக்கச் சொல்லுங்கள். கட்டைத் தொடுவதற்கு முன், அவர் தொலைந்துபோனால் அடுத்த ஞாயிறு ஆடப்போகும் புதிய பாத்திரத்துக்கான ஷீட்டைப் பெயர், ஊர், உயிர்ப்புள்ளி உட்பட முழுவதும் அவரே நிரப்பி டேபிள் மேல் வைக்க வேண்டும்; அதோடு, அவரைத் தேடிப் போவதா வேண்டாமா என்பதை மற்ற நால்வரும் அவர் முன்னிலையிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். எங்கள் டேபிளில் இந்த விதி வந்த பிறகு நான்கு பேர் ஷீட்டை எடுத்திருக்கிறார்கள். இருவர் நிரப்பி முடித்துவிட்டுச் சீட்டை எடுத்தார்கள். ஒருவர் பாதி நிரப்பிவிட்டுக் கட்டைப் பெட்டிக்குள் வைத்தார். இன்னொருவர் பெயர் எழுதும் இடத்திலேயே பேனாவை மூடிவிட்டு, "வேண்டாமுங்க" என்றார்.